ஆயிரத்தெட்டு அண்டங்களும் காஞ்சிபுரமும்

இப்பேரண்டத்தில் நம்மைத் தவிர அறிவுள்ள உயிர்கள் வேறெங்கேனும் உள்ளனவா என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டு அறிவியலுக்கு உரியதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. 1959இல் கொக்கோனி, மாரிசன் என்னும் இரு இயற்பியலாளர்கள் 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு கட்டுரையும், 1960இல் அமெரிக்காவின் கிரீன் பாங்கில் பிராங்க் டிரேக் இரண்டு விண்மீன்களை நோக்கி வானொலித் தொலைநோக்கியைத் திருப்பி வைத்துக் காத்திருந்ததும் இதன் தொடக்கமாகச் சொல்லப்படும். தேடுதல் என்ற அளவில் அது சரியே. ஆனால் பிற உலகங்களிலும் உயிர்கள் வாழ்கின்றன என்னும் எண்ணம் அதைவிட மிகப் பழையது. அவ்வெண்ணத்தின் வரலாற்றில் காஞ்சிபுரத்துக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடம் எத்தகையது என்பதையே இங்குப் பேச விரும்புகிறேன்.

பேச வேண்டிய தேவையும் இருக்கிறது. தமிழ் இலக்கியம் கற்பிக்கும் வகுப்பறையில் இன்று இரண்டு குரல்கள் மாறி மாறி ஒலிக்கின்றன. "இன்று வானியலார் கண்டுபிடிப்பதையெல்லாம் நம் முன்னோர் அன்றே புராணத்தில் எழுதிவிட்டனர்" என்பது ஒன்று. "அவை அத்தனையும் கட்டுக்கதை, படிக்க நேரமில்லை" என்பது மற்றொன்று. எதிரெதிரானவை போலத் தோன்றும் இவ்விரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுமே நூலைத் திறந்து பார்ப்பதில்லை. திறந்து பார்த்தால் கிடைப்பது பெருமைப் பட்டியலும் அன்று, வெறுங்கதையும் அன்று என்பதே என் எண்ணம்.

பல காஞ்சிகள்

கோயிலும் பட்டுமாக இன்று அறியப்படும் இவ்வூரைச் சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி, ஜினகாஞ்சி என மூன்றாகப் பகுத்துச் சொல்வது வழக்கம். வேகவதி ஆற்றுக்கு அப்பால் உள்ள திருப்பருத்திக்குன்றமே ஜினகாஞ்சி. இவற்றோடு மறைந்துபோன பௌத்தக் காஞ்சி ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கி.பி. 640ஐ ஒட்டித் தென்னாட்டைப் பற்றி எழுதிய சீனப் பயணி யுவான் சுவாங், காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்ட திராவிட நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவியரும் இருந்ததாகக் குறிக்கிறார். அங்கேயே தேவர் கோயில்கள் எண்பது அளவில் இருந்தன என்றும், நிர்க்கிரந்தராகிய சமணர் மிகுதி என்றும் அவர் சொல்கிறார். 1915இல் து.அ. கோபிநாத ராவ் இவ்வூரின் பௌத்தச் சின்னங்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

ஒரே ஊரின் தெருக்களில் நடந்த இம்மூன்று சமயத்தாரும் எத்தனையோ பொருள்களில் மாறுபட்டு வாதிட்டனர். பிற உலகங்களில் உயிர்கள் உண்டு என்பதில் மட்டும் அவர்களுக்குள் வாதமே இல்லை. எத்தனை உலகங்கள், அங்கு வாழ்வோர் எத்தகையோர், அவர்களுக்கு வீடுபேறு உண்டா என்பனவே அவர்களுடைய வினாக்கள்.

குரல் எவ்வளவு தூரம் கேட்கும்?

பாலி மொழிப் பௌத்த உரையாசிரியருள் தலையாயவர் ஐந்தாம் நூற்றாண்டினரான புத்தகோசர். அங்குத்தர நிகாயத்துக்கு அவர் எழுதிய உரையின் பெயர் மனோரதபூரணி. காஞ்சிபுரம் முதலிய இடங்களில் தம்முடன் முன்பு வாழ்ந்த ஜோதிபாலர் என்னும் துறவியின் வேண்டுகோளால் அதை எழுதியதாக அந்நூலின் முடிவுரை சொல்கிறது. ஆகவே அந்த உரை எழுந்ததற்குப் பின்னால் காஞ்சியில் வளர்ந்த ஒரு நட்பு இருக்கிறது.

அந்த அங்குத்தர நிகாயத்தில் ஆனந்தர் புத்தரிடம் ஒரு வினா எழுப்பும் சூத்திரம் உண்டு. முன்னொரு காலத்தில் சிகி என்னும் புத்தரின் மாணவரான அபிபூ, பிரம்ம உலகில் நின்று பேசிய குரல் ஆயிரம் உலகங்களுக்குக் கேட்டதாமே, தங்கள் குரல் எவ்வளவு தூரம் எட்டும் என்பது வினா. புத்தர் முதலில் உலகங்களின் அளவை விளக்குகிறார். ஒரு நிலவும் ஒரு சூரியனும் சுற்றி ஒளி வீசும் அளவு ஓர் உலகம். அத்தகைய உலகம் ஆயிரம் சேர்ந்தது சிறு தொகுதி. அதில் ஆயிரம் நிலவுகள், ஆயிரம் சூரியர்கள், ஆயிரம் மேருமலைகள், ஆயிரம் நாவலந்தீவுகள். அச்சிறு தொகுதி ஆயிரம் கொண்டது இடைத் தொகுதி. இடைத் தொகுதி ஆயிரம் கொண்டது பெருந்தொகுதி. கணக்கிட்டால் நூறு கோடி உலகங்கள். அவை அனைத்துக்கும், விரும்பினால் அதற்கு அப்பாலும், தம் குரலைக் கேட்கச் செய்யமுடியும் என்கிறார் புத்தர். எப்படி என்று ஆனந்தர் மீண்டும் கேட்கிறார். முதலில் ஒளியைப் பரப்புவேன், அங்குள்ள உயிர்கள் அவ்வொளியைக் கண்டு திரும்பியபின் குரல் எழுப்புவேன் என்பது விடை.

இதை வானொலி அலையின் முன்னறிவிப்பு என்று கொண்டாடுவோர் சூத்திரத்தின் முடிவைப் படிக்க வேண்டும். ஆனந்தர் மகிழ்ந்து, இத்தகைய ஆசிரியரைப் பெற்றது என் பேறு என்கிறார். அருகிலிருந்த உதாயி என்னும் துறவி குறுக்கிட்டு, உன் ஆசிரியருக்கு இத்துணை ஆற்றல் இருப்பதால் உனக்கு என்ன என்று கேட்கிறார். புத்தர் உதாயியைக் கண்டித்துவிட்டு, ஆனந்தர் இப்பிறவியிலேயே விடுதலை பெறுவார் என்று சொல்லி முடிக்கிறார். நூறு கோடி உலகங்களில் தொடங்கிய பேச்சு ஒரு மனிதரின் விடுதலையில் வந்து நிற்கிறது.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. உலகங்கள் எண்ணற்றவையாயினும் புத்தர்கள் தோன்றுவது இந்த ஒரு சக்கரவாளத்தில் மட்டுமே என்று புத்தகோசர் உரை கூறுகிறது. உலகங்களைப் பெருக்கிய பிறகும் ஒரு மையத்தை விடமுடியவில்லை. ஐரோப்பாவிலும் இத்தகைய சிக்கல் எழுந்தது. பல உலகங்கள் உண்டென்றால் கிறிஸ்து ஒவ்வோர் உலகிலும் இறந்து உயிர்த்தெழ வேண்டுமே என்று 1549இல் மெலாங்க்தன் என்னும் செருமானிய இறையியலாளர் பல உலகக் கொள்கையை மறுத்தார். காஞ்சியோடு தொடர்புடைய உரையாசிரியர் உலகங்களை மறுக்காமல் புத்தரை இங்கே நிறுத்திக்கொண்டார். வழி வேறானாலும் கவலை ஒன்றுதான்: நமக்குக் கிடைத்தது தனிச்சிறப்பானதா, எங்கும் கிடைப்பதா?

கோதமையின் வழக்கு

பௌத்த உலகக் கணக்கு தமிழில் கதையாக உருப்பெற்ற இடம் சாத்தனாரின் மணிமேகலை. அக்காப்பியம் காஞ்சியில் முடிகிறது. பசியால் வாடிய நகருக்கு மணிமேகலை அமுதசுரபியோடு வருவதும், அறவண அடிகளிடம் அறங்கேட்பதும் இங்கேதான். ஆனால் நான் சொல்ல வந்த பகுதி காப்பியத்தின் முற்பகுதியில், புகாரில் நிகழ்கிறது. சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை என்பது அதன் பெயர்.

ஊரார் சுடுகாட்டுக் கோட்டம் என்றழைக்கும் இடத்துக்குச் சக்கரவாளக் கோட்டம் என்ற பெயர் வந்த காரணத்தை மணிமேகலா தெய்வம் விளக்குகிறது. சார்ங்கலன் என்னும் சிறுவன் தனியே அச்சுடுகாட்டுக்குள் சென்று, பேயைக் கண்ட அச்சத்தால் உயிர் விடுகிறான். அவன் தாய் கோதமை, கண்ணிழந்த கணவனோடு வாழ்பவள், மகனின் உடலைத் தழுவிக்கொண்டு நகரக் காவல் தெய்வமான சம்பாபதியிடம் முறையிடுகிறாள். வினையால் போன உயிர் மீளாது என்கிறது தெய்வம். அப்படியானால் என் உயிரை எடுத்துக்கொண்டு மகன் உயிரைத் தா என்கிறாள் தாய். உயிருக்கு உயிர் மாற்றுவது இயலுமென்றால் அரசர்க்காக உயிர் தரப் பலர் இருந்திருப்பாரே, பிறகு இந்தச் சுடுகாட்டில் அரசர்க்கு இத்தனை நினைவுக் கோட்டங்கள் எதற்கு என்று தெய்வம் திருப்பிக் கேட்கிறது. கோதமை அதற்கும் அடங்கவில்லை. தேவர்கள் வரம் தருவார்கள் என்று வேதம் சொல்கிறதே என்கிறாள்.

அப்போது சம்பாபதி செய்வது தமிழ் இலக்கியத்தில் வேறெங்கும் நான் காணாத செயல். சக்கரவாளத்திலுள்ள பிரம்மர்கள், தேவர்கள், அசுரர்கள், நரகர், சூரிய சந்திரர், கோள்கள், நாண்மீன்கள் என அத்தனை பேரையும் அவள் முன் வரவழைக்கிறது. இவர்களுள் எவரேனும் உன் மகன் உயிரை மீட்டுத் தரமுடியுமென்றால் நானும் தருவேன் என்கிறது. வந்த அனைவரும் ஒரே விடை சொல்கின்றனர். கோதமை துயரம் நீங்கி, மகனைச் சுடலையில் இட்டுத் தானும் உயிர் நீக்கிறாள். எல்லா உலகத்தாரும் கூடிய அந்நிகழ்ச்சியின் நினைவாக, மேருவும் அதைச் சூழ்ந்த ஏழு மலைகளும் நான்கு பெருந்தீவுகளும் இரண்டாயிரம் சிறு தீவுகளும் அங்கங்கு வாழும் உயிர்களும் தோன்ற மயன் அமைத்த வடிவமே சக்கரவாளக் கோட்டம்.

பிற உலக உயிர்கள் அனைத்தும் ஒருசேரத் தமிழில் வந்து நின்றது ஒரு தாயின் வழக்கில் சாட்சி சொல்வதற்காக. அவை நமக்கு இல்லாத அறிவையோ கருவியையோ கொண்டுவரவில்லை. எங்களுக்கும் இதே விதிதான் என்று சொல்லிச் சென்றன.

132 சூரியர்கள்

திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலின் இறைவன் பெயர் திரைலோக்கியநாதர், மூவுலகுக்கும் தலைவர். அங்குள்ள சங்கீத மண்டபத்தை விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88இல் கட்டினார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகள் ஓவியமாக உள்ளன. 1934இல் டி.என். இராமச்சந்திரன் இக்கோயில்களைப் பற்றி விரிவான நூல் எழுதினார்.

சமணரின் உலகநூல் பௌத்தரினும் கணக்கில் நுட்பமானது. நாவலந்தீவுக்கு இரண்டு சூரியர், இரண்டு நிலவுகள். அதைச் சூழ்ந்த உப்புக்கடலுக்கு நான்கு, தாதகி கண்டத்துக்குப் பன்னிரண்டு, அதற்கப்பாலுள்ள கடலுக்கு 42, புட்கரத் தீவின் பாதிக்கு 72. ஆக மனிதர் வாழும் இரண்டரைத் தீவுகளின் வானில் 132 சூரியர்கள். சூரியன், நிலவு, கோள், விண்மீன் யாவும் சோதிட்க தேவர் வாழும் விமானங்கள். மனிதரோ அந்த இரண்டரைத் தீவுக்கு அப்பால் எங்கும் இல்லை. எனினும் அவ்வெல்லைக்குள், நாம் செல்லமுடியாத விதேக நாடுகளில், இப்போதும் தீர்த்தங்கரர்கள் அறம் உரைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது சமணர் கொள்கை.

புத்தர் இங்கு மட்டுமே தோன்றுவார் என்ற உரையாசிரியர் கருத்துக்கு இது நேர் எதிரானது. நம் பகுதியில் இக்காலத்துக்குரிய தீர்த்தங்கரர் வரிசை மகாவீரரோடு முடிந்துவிட்டது, வேறிடத்தில் அது தொடர்கிறது என்று ஒரு சமயம் தன் அடியாரிடம் சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

சூரபன்மனின் ஆட்சி

ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் இடையே உள்ளது குமரகோட்டம். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணம் இயற்றி அரங்கேற்றிய இடம் அது என்பது மரபு. நூலின் காலம் குறித்து அறிஞர்கள் வேறுபடுகின்றனர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட இப்பெருநூலில் அண்டகோசப் படலம் என்றே ஒரு படலம் உண்டு.

சூரபன்மன் பெற்ற வரம் 1008 அண்டங்களை 108 யுகங்கள் ஆள்வது. அண்டம் என்றால் ஒரு கோள் அன்று. நிலவுலகும் கடல்களும் கீழுலகங்களும் மேலுலகங்களும் அடங்கிய முழு அமைப்பு. அப்படி 1008. ஒவ்வொன்றிலும் உயிர்கள், ஒவ்வொன்றிலும் ஆள்வோர். போரில் தோல்வி நெருங்கும்போது பிற அண்டங்களில் இருந்தெல்லாம் சூரன் படைகளை வரவழைக்கிறான். அவையும் அழிகின்றன.

இந்த 1008ஐ எடுத்து, இன்று கண்டறியப்பட்டுள்ள புறக்கோள்களோடு பொருத்திக் காட்டுவோர் உண்டு. 1995இல் மேயர், குவெலோ இருவரும் சூரியனை ஒத்த ஒரு விண்மீனைச் சுற்றும் முதல் புறக்கோளை அறிவித்தனர். அதற்காக 2019இல் நோபல் பரிசு பெற்றனர். 2025க்குள் உறுதிசெய்யப்பட்டவை ஆறாயிரத்தைக் கடந்துவிட்டன. 1008 என்னும் எண்ணை அறிவியலாகக் கொண்டால் கச்சியப்பர் இப்போது தவறியவர் ஆகிவிடுவார். அவர் தவறவில்லை, ஏனெனில் அவர் எண்ணவில்லை. ஓர் உலகத்தை ஆள்பவனின் செருக்கு நமக்குப் பழகியது. அதை ஆயிரத்தெட்டு மடங்கு பெருக்கிக் காட்டி, அதுவும் வேலின் முன் நிற்காது என்று சொல்வதே அந்த எண்ணின் வேலை. திருவாசகத்தின் திருவண்டப்பகுதியிலும், வீட்டுக்குள் நுழையும் கதிரில் மிதக்கும் துகள்கள் போல அண்டங்கள் சிறுக்கின்றன. அங்கும் எண்ணிக்கை சிவனின் பெருமைக்கு அளவுகோலாகவே வருகிறது.

நீலகிரியும் காவலூரும்

இனி நம் காலத்துக்கு வருவோம். வானை நோக்கிக் காது வைக்கும் பணி தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. உதகமண்டலம் அருகே முத்தோரையில், கோவிந்த் சுவரூப் வழிகாட்டலில் அமைந்த வானொலித் தொலைநோக்கி 1970இல் இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். அந்த இடத்தின் அகலாங்கு ஏறத்தாழ 11 பாகை. அதே சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அமைத்ததால் கருவியின் அச்சு புவியின் சுழற்சி அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பி, எழும் விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. வேற்றுயிர்களைத் தேடுவதற்காக அமைக்கப்பட்டது அன்று அது. ஆயினும் அத்தகைய தேடலுக்கும் அடிப்படை, தொலைவிலிருந்து வரும் மிக மெல்லிய அலையைக் கேட்கும் இந்தக் கலைதான்.

சவ்வாது மலைக் காவலூரில் 1972இல் நிகழ்ந்தது ஒரு நல்ல பாடம். வியாழனின் கானிமீடு என்னும் துணைக்கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் எடுத்த அளவீடுகளிலிருந்து அங்கே வளிமண்டலம் இருக்கக்கூடும் என்று கருதப்பட்டது. 1979இல் அருகே சென்ற வாயேஜர் அவ்வளவு காற்று அங்கில்லை என்று காட்டியது. 1990களில் ஹபிள் தொலைநோக்கி மிக மிக மெல்லிய உயிர்வளிப் படலம் உண்டு என்று கண்டது. உண்டு, இல்லை, சிறிதளவு உண்டு என மும்முறை விடை மாறியது. ஒவ்வொரு முறையும் மாற்றியது சான்று.

அண்மையிலும் இது தொடர்கிறது. 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் வானியலாளர் நிக்கு மதுசூதன் குழுவினர், 124 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கே2-18பி என்னும் கோளின் வளியில், புவியில் கடல்வாழ் நுண்ணுயிர்கள் வெளியிடும் ஒரு வேதிப்பொருளின் குறிகள் தென்படலாம் என்று அறிவித்தனர். அதே தரவுகளை ஆராய்ந்த பிறர் சான்று போதாது என்றனர். அறிவுள்ள உயிர் பற்றிய பேச்சே இன்னும் எழவில்லை. 1960 முதல் தேடியும் உறுதியான ஒரு குரல் இதுவரை கேட்கவில்லை.

நாம் அனுப்பிய குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1977இல் ஏவப்பட்ட இரண்டு வாயேஜர் கலங்களிலும் பொன்முலாம் பூசிய இசைத்தட்டு ஒன்று உள்ளது. அதில் 55 மொழிகளில் வாழ்த்துரைகள். தெலுங்கு, கன்னடம், இந்தி, வங்காளம், சிங்களம் உண்டு. பேசுவோர் எவருமற்ற சுமேரியம், அக்காதியம், இட்டைட்டு உண்டு. கேசர்பாய் கேர்க்கரின் பைரவி உண்டு. தமிழ் இல்லை. குறுகிய காலத்தில், பெரும்பாலும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேச ஆள் கிடைத்த மொழிகளைக் கொண்டு தொகுத்தது அது. சூழ்ச்சி எதுவும் இல்லை. ஆனாலும் செய்தியை அறியும் தமிழ் மாணவர் முகம் வாடுவதை நான் பார்த்திருக்கிறேன். வாயேஜர் 1 இன்று 2,500 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. வேறொரு விண்மீனின் பக்கம் அது செல்ல ஏறத்தாழ 40,000 ஆண்டுகள் ஆகும். அதை எவர் கேட்பாரோ, கேட்க எவரேனும் இருப்பாரோ, யாருக்கும் தெரியாது.

உதாயியின் வினா

பழைய காஞ்சிக்கும் இன்றைய தேடலுக்கும் உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. எண்களிலோ விமானங்களிலோ அது இல்லை. எங்கும் விதி ஒன்றே என்னும் எண்ணத்தில் இருக்கிறது. கோதமை முன் வந்த தேவரும், வேல் முன் அழிந்த பிற அண்டத்துப் படைகளும் நாம் உட்பட்ட விதிக்கே உட்பட்டவை. கொக்கோனியும் மாரிசனும் 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் கேட்கச் சொன்னதும் அத்தகைய ஓர் எண்ணத்தால்தான். நீரகம் எங்கும் நீரகமே, ஆதலால் எந்த உலகின் அறிவுள்ள உயிரும் அந்த அலைநீளத்தை அறிந்திருக்கும் என்று அவர்கள் கருதினர்.

வேறுபாடும் தெளிவானது. காஞ்சியின் ஆசிரியர்களுக்குப் பிற உலக உயிர்கள் உறுதி. எனவே அவர்கள் தேடவில்லை. இன்றைய வானியலாருக்கு உறுதி இல்லை. எனவே தேடுகிறார்கள், கிடைக்காதபோது கிடைக்கவில்லை என்று எழுதுகிறார்கள். முன்னதைப் பின்னதாகக் காட்டுவது இரண்டுக்கும் இழைக்கும் அநீதி. கச்சியப்பரை வானியலாராக்கினால் சூரனின் வீழ்ச்சி வெறும் தகவலாகிவிடும். கட்டுக்கதை என்று தள்ளினால் கோதமையின் வழக்கை இழப்போம்.

உனக்கு என்ன என்று உதாயி கேட்ட வினா இன்றும் கேட்கப்படுகிறது. பசியும் பிணியும் இங்கிருக்க விண்ணில் எதைத் தேடுகிறீர்கள் என்று வரவுசெலவுக் கணக்கோடு கேட்பவர்கள் உண்டு. அவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எல்லா உலகத்தாரும் கூடிய கதையைச் சொன்ன அதே காப்பியம், பசித்த காஞ்சிக்கு அமுதசுரபியைக் கொண்டுவந்துதான் முடிகிறது. சாத்தனார் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரே பெண்ணுக்குச் சக்கரவாளத்தையும் காட்டினார், கையில் பாத்திரத்தையும் தந்தார். மாணவர்கள் இனி இவ்வினாவோடு வரும்போது, முதலில் அந்த இரண்டு காதைகளையும் படித்துவிட்டு வரச் சொல்வதாக இருக்கிறேன்.